எலுமிச்சையும் காட்டு மூலிகையும்: மத்தியதரைக் கடல் வாசனையில் ஒரு கொலோன் செய்முறை

எலுமிச்சை எண்ணெயையும் ஆரஞ்சு எண்ணெயையும் ஆல்கஹாலில் கலந்தால் ஒரு சென்ட் கிடைத்துவிடும். முதல் ஐந்து நிமிடம் அருமையாகவும் இருக்கும். அப்புறம் தரை துடைக்கும் திரவத்தின் சாயல் வரும், அரை மணி நேரத்தில் அதுவும் போய்விடும். வீட்டில் சிட்ரஸ் வாசனை செய்து பார்க்கும் பலர் இந்த இடத்தில் எண்ணெய் மட்டம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். எண்ணெயில் பெரும்பாலும் குறை இருக்காது. பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அது வளர்கிற நிலத்தை விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.

மத்தியதரைக் கடலோரத்தில் எலுமிச்சைத் தோட்டம் தனியாக இருப்பதில்லை. அதற்கு மேலே காய்ந்த சரிவு, சரிவில் ரோஸ்மேரி, தைம், லாவண்டர், பிசின் வழியும் சிஸ்டஸ் புதர், அதற்கும் மேலே பைனும் சைப்ரஸும். எல்லா வாசனையும் ஒரே காற்றில்தான் வரும். அதனால் என் முறையில் சரிவை முதலில் கட்டுவேன், பழத்தைக் கடைசியில் ஊற்றுவேன். கீழே தருவது அந்த வரிசைதான்.

அந்த நிலம் ஏன் இவ்வளவு மணக்கிறது என்று தெரிந்துகொண்டால் கலவை செய்யும்போது கை தடுமாறாது. அங்கே மழை குளிர்காலத்தில்தான். கோடை முழுக்க வெயிலும் வறட்சியும். அதைத் தாங்க இந்தச் செடிகள் இலையைச் சிறிதாக, தடிப்பாக வைத்துக்கொள்கின்றன. இலையின் மேல் நுண்ணிய சுரப்பிகளில் எண்ணெயைச் சேர்த்து வைக்கின்றன. மேய வரும் விலங்குகளுக்கு அந்தக் காரம் பிடிப்பதில்லை. வெயில் ஏற ஏற அந்த எண்ணெய் காற்றில் கலக்கிறது. சுண்ணாம்புக்கல் நிலத்தில் வளரும் குட்டையான புதர்க்காட்டைத் தெற்கு பிரான்சில் காரீக் என்கிறார்கள். கோர்சிகா தீவு போன்ற கருங்கல் நிலத்தில் வளரும் அடர்ந்த புதர்க்காடு மாக்கி. காரீக் வாசனை உலர்ந்தது, கூரானது. மாக்கி வாசனையில் பிசினும் தேனும் அதிகம்.

தெற்கு பிரான்சில் மார்சேய் நகருக்கும் கஸ்ஸி என்ற கடலோர ஊருக்கும் நடுவே கலாங்க் என்ற வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகள் கடலுக்குள் இறங்குகின்றன. அங்கே நடந்தபோதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. கடல் காலடியில் இருந்தும், மூக்குக்கு உப்பு வாசனை அதிகம் வரவில்லை. சூடான பாறை, பைன் பிசின், கால் பட்டு நசுங்கிய ரோஸ்மேரி, இவைதான் வந்தன. அன்றிலிருந்து ‘கடல் வாசனை’ என்று விற்கும் செயற்கைப் பொருள்களை இந்த வகைக் கலவையில் நான் சேர்ப்பதில்லை. காலோன் என்ற மூலக்கூறு அவற்றில் புகழ்பெற்றது. ஒரு துளி கூடினால் தர்பூசணி வாசனை எல்லாவற்றையும் மூடிவிடும். (அந்தப் பக்கம் போக நினைப்பவர்கள் கவனிக்க: கோடையில் காட்டுத்தீ அபாயம் கூடும் நாள்களில் பாதைகளை மூடிவிடுவார்கள். முந்தின நாள் அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.)

சரி, வேலைக்கு வருவோம்.

எண்ணெய் எதையும் திறப்பதற்கு முன் ஒரு பொழுதைத் தீர்மானம் செய்யுங்கள். எந்த மாதம், எந்த நேரம்? கொலோன் என்ற லேசான சிட்ரஸ் சென்ட் வகையைத் தொடங்கிவைத்த ஜொவான்னி மரியா ஃபரீனா இத்தாலியின் பியட்மாண்ட் பகுதிக்காரர், ஜெர்மனியின் கொலோன் நகரில் குடியேறியவர். 1708இல் தன் அண்ணனுக்கு எழுதிய கடிதத்தில், இத்தாலிய வசந்தகாலக் காலையையும், மலை நார்சிசஸ் பூக்களையும், மழைக்குப் பிந்தைய ஆரஞ்சுப் பூவையும் நினைவூட்டும் வாசனை ஒன்றைக் கண்டுவிட்டதாகச் சொல்கிறார். பாருங்கள், அவர் மனத்தில் இருந்தது பொருள்களின் பட்டியல் இல்லை, ஒரு காலை நேரம். நான் எடுத்துக்கொண்டது ஜூன் மாதப் பிற்பகல். பூக்காலம் முடிந்துவிட்டது, பிசின் இளகத் தொடங்கியிருக்கிறது, பழத்தோலின் கசப்பு தூக்கலாக இருக்கிறது. இந்தத் தீர்மானம் இருந்தால் எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்பது தானாக விளங்கும்.

கருவிகள் கொஞ்சம்தான். 0.01 கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு, சிறிய கண்ணாடி பீக்கர், எண்ணெய்க்கு ஒன்றாகக் கண்ணாடி டிராப்பர்கள், பழுப்பு நிறக் குப்பிகள், மணம் பார்க்கக் கெட்டியான வெள்ளைத் தாள் கீற்றுகள், காப்பி வடிகட்டும் தாள், ஒரு நோட்டுப் புத்தகம். சொட்டுக் கணக்கில் கலக்காதீர்கள். எலுமிச்சை எண்ணெயின் சொட்டும் லாப்டனம் என்ற சிஸ்டஸ் பிசினின் சொட்டும் ஒரே எடை இல்லை. டிராப்பர் மாறினாலும் சொட்டு மாறும். எடையில் எழுதி வைத்தால்தான் பிடித்துப்போன கலவையை மறுபடி செய்ய முடியும்.

ஆல்கஹால் விஷயத்தில் மட்டும் சமரசம் வேண்டாம். வாசனைத் தயாரிப்புக்கென்று விற்கும் 95, 96 சதவீத எத்தனால் தேவை. அதை வாங்குவதற்கும் வைத்திருப்பதற்கும் உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். மருந்துக் கடை ஐசோபுரொபைல் ஆல்கஹாலின் சொந்த நெடி மூலிகைகளை அமுக்கிவிடும். மெத்தனால் விஷம், தோல் வழியாகவும் உடலுக்குள் போகும், பக்கத்திலேயே வைக்காதீர்கள். எத்தனாலும் சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்பு, விளக்கு, ஊதுவத்தி எதுவும் எரியாத, காற்றோட்டமான அறையில் கலக்குங்கள்.

இப்போது எண்ணெய்கள். இங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

பெர்கமோட் என்ற சிட்ரஸ் பழம்தான் இந்த வாசனையின் முகம். உலகின் பெர்கமோட் விளைச்சலில் மிகப் பெரும்பகுதி இத்தாலியின் தென்கோடியில், ரெஜ்ஜோ கலாப்ரியாவைச் சுற்றிய குறுகிய கடற்கரைப் பட்டையிலிருந்து வருகிறது. பழத்தை யாரும் ஆரஞ்சு மாதிரி உரித்துச் சாப்பிடுவதில்லை, அவ்வளவு புளிப்பும் கசப்பும். தோலில்தான் மதிப்பு. அந்த எண்ணெயைக் காய்ச்சி எடுப்பதில்லை, தோலைச் சுரண்டிப் பிழிகிறார்கள். முன்பெல்லாம் கையால் அழுத்திக் கடற்பஞ்சில் ஒற்றி எடுத்தார்கள். எலுமிச்சை எண்ணெயில் லிமோனீன் என்ற வாசனைச் சேர்மம்தான் பெரும்பங்கு. பெர்கமோட்டில் லிமோனீனோடு லினாலில் அசிட்டேட், லினலூல் என்ற இன்னும் இரண்டு சேர்மங்களும் நிறைய உண்டு. லாவண்டரிலும் கிளாரி சேஜ் என்ற மூலிகையிலும் இருப்பதும் இதே இரண்டுதான். அதனால்தான் பெர்கமோட் பழத்துக்கும் மூலிகைக்கும் நடுவில் அவ்வளவு இயல்பாக உட்காருகிறது.

ஆனால் சாதாரண பெர்கமோட் எண்ணெயில் பெர்காப்டென் என்ற ஃப்யூரோகூமரின் வகைப் பொருள் இருக்கிறது. அது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் தீக்காயம் மாதிரிப் புண்ணும் நாள்பட்ட கருமையும் வரலாம். ‘ஃப்யூரோகூமரின் நீக்கியது’ என்று லேபிளில் போட்டிருக்கும் பெர்கமோட்டை மட்டும் வாங்குங்கள். எஃப்சிஎஃப் என்று சுருக்கியும் எழுதியிருப்பார்கள். பிழிந்தெடுத்த எலுமிச்சை எண்ணெய்க்கும் இதே சிக்கல் குறைந்த அளவில் உண்டு. தோலில் விட்டுவைக்கும் பொருள்களில் 2 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது ஐஃப்ரா என்ற சர்வதேச நறுமணப் பொருள் சங்கத்தின் வரம்பு. என் கலவையில் அது 1.2 சதவீதம்தான். மாண்டரின் பழத்தோல் எண்ணெயில் இந்தக் கவலை இல்லை. சுருக்கென்ற புளிப்பை அது கொஞ்சம் உருட்டிக் கொடுக்கும்.

அடுத்தது பெட்டிக்ரேன். ஒரே ஒரு எண்ணெயை நல்ல தரத்தில் வாங்கத்தான் பணம் இருக்கிறது என்றால் நான் இதைத்தான் வாங்கச் சொல்வேன். கசப்பு ஆரஞ்சு மரம் தாராளமான மரம். பூவை ஆவியில் காய்ச்சினால் நெரோலி, காய்ச்சிய நீரே ஆரஞ்சுப் பூ நீர், இலையையும் குச்சியையும் காய்ச்சினால் பெட்டிக்ரேன், தோலைப் பிழிந்தால் கசப்பு ஆரஞ்சு எண்ணெய். நெரோலி ஒரு கிலோ எடுக்கச் சுமார் ஒரு டன் பூ வேண்டும், விலையும் அப்படித்தான். துனிசியாவின் நபூல் பகுதி அதற்குப் பேர்போனது. பெட்டிக்ரேன் அதே மரத்தின் பச்சைக் கசப்பை மலிவாகத் தருகிறது. பழம் பறந்துபோன பிறகும் ‘இங்கே ஒரு சிட்ரஸ் மரம் நிற்கிறது’ என்று சொல்லிக்கொண்டே இருப்பது இதுதான். சிட்ரஸ் நிற்கவில்லையே என்று எலுமிச்சையைக் கூட்டுகிறவர்கள் பெட்டிக்ரேனைக் கூட்டிப் பாருங்கள்.

மூலிகைகளில் ரோஸ்மேரியைக் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரே செடிதான், ஆனால் வளரும் இடத்தைப் பொறுத்து எண்ணெயின் சேர்மானம் மாறும். ஸ்பெயின் ரோஸ்மேரியில் கற்பூர நெடி தூக்கல், மொராக்கோ, துனிசியா வகையில் யூகலிப்டஸ் சாயல், கோர்சிகா வகையில் வெர்பினோன் என்ற சேர்மம் அதிகம், அது மென்மையானது, விலையும் கூட. என் அம்மாவுக்கு ரோஸ்மேரி என்றாலே தலைவலித் தைலம்தான். அவர் முகத்தைப் பார்த்தே நான் அளவை நிறுத்துவேன். நல்ல அளவுகோல் அது. தைமில் தைமால் வகை காட்டமானது, தோலையும் உறுத்தும். லினலூல் வகையைக் கேட்டு வாங்குங்கள். பேசிலிலும் லினலூல் வகையே வேண்டும். நம் திருநீற்றுப்பச்சையும் அதே இனம்தான் என்பதால் அந்த மணம் மூக்குக்குப் புதிதாக இருக்காது. லாவண்டரும் கிளாரி சேஜும் இந்தக் காரசாரமானவர்களைச் சமாதானமாக வைத்திருக்கும். கிளாரி சேஜில் வைக்கோலும் தேயிலையும் கலந்த ஒரு உலர்ந்த இதம் உண்டு. வெயில் விழுந்த சரிவு என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான்.

அடியில் சைப்ரஸ், மொராக்கோவின் அட்லஸ் மலைத் தேவதாரு, அப்புறம் லாப்டனம். சிஸ்டஸ் புதரின் இலையிலும் தண்டிலும் வெயில் காலத்தில் ஒட்டும் பிசின் ஊறும். அந்தக் காலத்தில், புதரில் மேய்ந்துவிட்டு வந்த ஆடுகளின் தாடியிலும் ரோமத்திலும் ஒட்டியதைச் சீவி எடுத்தார்கள். கிரீட் தீவின் சிசெஸ் கிராமத்தில் தோல்வார் கட்டிய ஒரு வாருகோலால், நல்ல வெயில் ஏறின நேரத்தில் புதரை அடித்து அந்தப் பிசினை எடுக்கும் பழக்கம் தொடர்கிறது. இனிப்பு, பதனிட்ட தோல், சூடான கல் எல்லாம் சேர்ந்த மணம். இது இல்லாமல் இந்தக் கொலோன் காற்றில் தொங்கும். ஆனால் கட்டியாக இருக்கும், வலுவும் மிக அதிகம். ஒரு கிராம் லாப்டனம் ஆப்சொல்யூட்டை (பிசினிலிருந்து பிரித்தெடுத்த செறிவான சாறு) ஒன்பது கிராம் எத்தனாலில் கரைத்து 10 சதவீதக் கரைசலாக வைத்துக்கொள்ளுங்கள். குப்பியை வெதுவெதுப்பான நீரில் நிறுத்திப் பிசினை இளக்கிய பிறகு எத்தனாலைச் சேர்த்தால் சீக்கிரம் கரையும்.

அளவு இதோ. மொத்தம் 10 கிராம் வாசனைக் கலவைக்கு.

முதலில் சரிவு: லாப்டனக் கரைசல் 1.00 கிராம், தேவதாரு 0.50, சைப்ரஸ் 0.40, கிளாரி சேஜ் 0.60, லாவண்டர் 0.50, ரோஸ்மேரி 0.30, தைம் 0.10, பேசில் 0.10. இது 3.50 கிராம். பீக்கரைச் சுழற்றிக் கலந்து, தாள் கீற்றில் தொட்டு, பத்து நிமிடம் கழித்து முகர்ந்து பாருங்கள். பழம் எதுவும் இல்லாமலேயே ஒரு மலைப்பாதை நினைவுக்கு வர வேண்டும். தைலம் நினைவுக்கு வந்தால் ரோஸ்மேரி வகை சரியில்லை. சமையலறை நினைவுக்கு வந்தால் தைமோ பேசிலோ ஒரு சொட்டு கூடிவிட்டது. இதைச் சரிசெய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். பழம் சேர்த்த பிறகு எங்கே பிழை என்று கண்டுபிடிப்பது கஷ்டம்.

அடுத்து மரம்: பெட்டிக்ரேன் 1.60, நெரோலி 0.20. நெரோலி கட்டுப்படியாகாது என்றால் விட்டுவிட்டு பெட்டிக்ரேனை 1.80 ஆக்குங்கள்.

கடைசியாகப் பழம்: பெர்கமோட் 3.00, எலுமிச்சை 1.20, மாண்டரின் 0.50.

இந்தக் கலவையைச் சின்னக் குப்பியில் முட்ட நிரப்பி, இறுக மூடி, இருட்டான குளிர்ந்த இடத்தில் ஒரு வாரம் விடுங்கள். பிறகு 90 கிராம் எத்தனால் சேர்த்தால் எடையில் 100 கிராம், அளவில் சுமார் 120 மில்லிலிட்டர் கிடைக்கும். மரபான கொலோனில் 2 முதல் 5 சதவீதம்தான் வாசனைப் பொருள் இருக்கும். இது 9 சதவீதத்துக்குச் சற்று மேலே, ஓ த துவாலெத் என்ற வகையில் சேரும். மூலிகைகளின் நுணுக்கம் தெரிய இந்தச் செறிவு தேவை என்பது என் கணிப்பு. தண்ணீர் சேர்க்காதீர்கள். சிட்ரஸ் எண்ணெய்கள் தண்ணீரைக் கண்டால் பால் மாதிரி கலங்கிவிடும்.

இவ்வளவு எண்ணெயை ஒரே தடவையில் செலவு செய்யத் தயக்கமாக இருந்தால் ஒரு வழி இருக்கிறது. எல்லா எண்ணெயையும் முன்கூட்டியே 10 சதவீதக் கரைசலாக்கி, லாப்டனத்தை மட்டும் 1 சதவீதமாக்கி வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன அதே கிராம் கணக்கில் கரைசல்களைக் கலந்தால், பூசிப் பார்க்கத் தயாரான 10 கிராம் சென்ட் அப்படியே கிடைத்துவிடும். பிடித்த பிறகு பெரிய அளவுக்குப் போகலாம்.

எத்தனால் சேர்த்தவுடன் முகர்ந்து முடிவெடுக்காதீர்கள். முதலில் ஆல்கஹால்தான் மூக்கில் ஏறும். மூன்று, நான்கு வாரம் இருட்டில் ஊறட்டும். அதன்பின் ஒரு நாள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். பிழிந்தெடுத்த சிட்ரஸ் எண்ணெய்களில் பழத்தோலின் மெழுகு கொஞ்சம் இருக்கும். குளிரில் அது படிந்து தெரியும். குளிர்ச்சி விலகும் முன்பே காப்பி வடிதாளில் வடித்துவிட்டால் திரவம் தெளிந்துவிடும்.

சோதிக்கும்போது தாள் கீற்றில் நேரம் குறித்து வையுங்கள்: தொட்டவுடன், பத்து நிமிடத்தில், ஒரு மணி நேரத்தில், மறுநாள் காலையில். தொட்டவுடன் எலுமிச்சையும் பெர்கமோட்டும், பத்து நிமிடத்தில் மூலிகைகள், ஒரு மணியில் பெட்டிக்ரேனும் கிளாரி சேஜும், மறுநாள் லாப்டனமும் தேவதாருவும் மட்டும் என்று இறங்கி வர வேண்டும். மூக்கு மரத்துப்போனால் வெளியே போய் நில்லுங்கள், அல்லது எதுவும் பூசாத உங்கள் முழங்கை மடிப்பை முகருங்கள். காப்பிக் கொட்டையை முகர்வதைவிட எனக்கு இதுவே உதவுகிறது.

தோலில் போடும் முன் உள்முழங்கையில் ஒரு சொட்டு தடவி ஒரு நாள் பொறுங்கள். லிமோனீனும் லினலூலும் சிலருக்கு ஒவ்வாமை தரும், அதுவும் காற்றுப் பட்டுப் பழசாகும்போது அதிகமாகத் தரும். கர்ப்பிணிகளும் கைக்குழந்தை உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடுங்கள். பூனை வளர்ப்பவர்கள் அது புழங்கும் அறையில் இந்த எண்ணெய்களைத் திறக்க வேண்டாம், அதன் உடம்பால் இவற்றைச் செரிக்க முடியாது.

அடிப்படை கைக்கு வந்துவிட்டால் இடத்தை மாற்றிப் பார்க்கலாம். ஃபரீனாவின் வசந்தகாலக் காலை வேண்டுமா? நெரோலியை 0.50 ஆக்கி, பெட்டிக்ரேனை 1.80 ஆக்கி, லாப்டனக் கரைசலைப் பாதியாகக் குறையுங்கள். கிரேக்கத்தின் கியோஸ் தீவுக்குப் போக வேண்டுமென்றால் பேசிலை எடுத்துவிட்டு அதே 0.10 கிராமுக்கு மாஸ்டிக் என்ற மரப்பிசினின் எண்ணெய் சேருங்கள். அந்தத் தீவின் தென்பகுதிக் கிராமங்களில் மரப்பட்டையைக் கீறினால் கண்ணீர்த் துளி மாதிரிப் பிசின் வடியும். அந்த விவசாய அறிவை யுனெஸ்கோ 2014இல் தன் பட்டியலில் சேர்த்தது. பச்சைப் பைன் மாதிரி, ஆனால் அதைவிடச் சுத்தமான வாசனை. கோர்சிகா என்றால் லாவண்டரில் 0.05 குறைத்து அந்த இடத்தில் இம்மார்டெல் என்ற மஞ்சள் பூச்செடியின் எண்ணெய் போடுங்கள், மாக்கியின் தேன் வாசனை வந்துவிடும். அதற்கு மேல் போனால் மருந்து நெடி.

இன்னும் கொஞ்சம் நேரம் நிற்க வேண்டும், பழத்தின் வெளிச்சமும் குறையக் கூடாது என்பவர்களுக்குச் செயற்கைப் பொருள் ஒன்றைத் தயங்காமல் சொல்வேன்: ஹெடியோன். மல்லிகையில் இருக்கும் ஒரு பொருளுக்கு நெருங்கிய உறவு, காற்றோட்டம் போன்ற மெல்லிய வாசனை. 1966இல் எட்மோண்ட் ருத்னிட்ஸ்கா உருவாக்கிய ஓ சவாஜ் என்ற சென்டில் எலுமிச்சைக்கும் மூலிகைக்கும் அத்தனை திறந்தவெளியைக் கொடுத்தது இதுதான். தெற்கு பிரான்சில் வாசனைத் தொழிலுக்குப் பேர்போன கிராஸ் நகருக்குப் பக்கத்தில் கபிரி கிராமத்துச் சரிவில் வாழ்ந்தவர் அவர். நம் 10 கிராம் கலவையோடு ஹெடியோன் ஒரு கிராம் சேர்த்து, எத்தனாலை 89 கிராமாகக் குறைத்தால் போதும்.

அப்படியும் இது நாள் முழுக்க நிற்காது. இரண்டு, மூன்று மணி நேரத்துக்குப் பிறகு தோலோடு ஒட்டிய பிசின் மணம்தான் மிஞ்சும். மறுபடி தெளித்துக்கொள்ள வேண்டியதுதான்; சிட்ரஸ் வாசனையின் இயல்பே அது. அதனால் 10 மில்லிலிட்டர் குப்பிகளில் பிரித்து, மேலே காற்று நிற்காதபடி நிரப்பி, தேதி எழுதி ஒட்டுங்கள். கையில் ஒன்று இருந்தால் போதும், மற்றவை ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். ஒரு வருடத்துக்குள் தீர்த்துவிடுங்கள். எலுமிச்சை மணம் மங்கி டர்பன்டைன் நெடி தலைகாட்டினால் எண்ணெய் காற்றுப்பட்டுக் கெட்டுவிட்டது என்று அர்த்தம், அதைத் தோலில் போட வேண்டாம்.